இறுதியாண்டு ப்ராஜெக்ட்: நம் கேள்வியை நாமே கேட்போம்

(பொறியியல் இறுதியாண்டு மாணவர்களும் அவர்களது பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தோழர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘உயர்கல்வியில் சாதி’. அதைப் பேசினால் 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாம் இழந்த ரோகித் வெமுலாவிலிருந்து தொடங்க வேண்டும். 2023 பிப்ரவரியில் மும்பை ஐ.ஐ.டி.யில் முதலாண்டிலேயே நாம் இழந்த தர்ஷன் சோலங்கியைப் பேச வேண்டும். அவற்றைத் தொடர்ந்து பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் இன்று அந்தப் பெரிய வீட்டின் ஒரு சின்ன மூலையை மட்டும் காட்டலாம் என்று வந்திருக்கிறேன். அதைப் பற்றி யாரும் கூட்டம் போடுவதில்லை. பொறியியல் படிப்பின் கடைசியில் செய்கிற ப்ராஜெக்ட்தான் அது.

பெற்றோருக்காக முதலில் விளக்கிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளில் உங்கள் பிள்ளைகள் எத்தனையோ பாடம் படிக்கிறார்கள். எல்லாவற்றிலும் கேள்வியை வேறொருவர் கேட்பார், இவர்கள் பதில் எழுத வேண்டும். கடைசி செமஸ்டரில் மட்டும் விதி மாறுகிறது. நான்கு பேருக்கு மிகாத ஒரு டீம் சேர்ந்து, தாங்களே ஒரு கேள்வியை எடுத்து, தாங்களே செய்து பார்த்து, தாங்களே பதில் சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் சாதாரணமாக ஒரு தியரி பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால் இதற்கு 10 கிரெடிட். அதாவது, மாணவர் கேட்கும் கேள்விக்கு மதிப்பெண் தரும் இடம் இது ஒன்றுதான். அந்த ஒரே இடத்தில் நம் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் சிவில் படித்தவள். என் அப்பா கம்பி கட்டுகிறவர். தளம் போடும் நாளில் கம்பி, கலவை, சட்டி என்று எல்லா வேலையும் பார்ப்பார். அம்மா சித்தாள். ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்பில் படித்தேன். ஏழாவது செமஸ்டர் முடிகிற நேரத்தில் வகுப்பில் ஒரு தாள் சுற்றி வந்தது. நான்கு நான்கு பேராகப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். தாள் என் பெஞ்சுக்கு வந்தபோது எல்லா டீமும் நிரம்பியிருந்தது. யாரும் யாருடைய சாதியையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. முதலாண்டிலிருந்தே ‘எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் ஆபீஸுக்கு வாங்க’ என்று வகுப்பு வாசலில் வந்து கூப்பிடுவார்கள். எழுந்து போனவர்கள் யார் யார் என்று அறுபது பேருக்கும் தெரியும். மிச்சமிருந்தது நான், விடுதியில் தங்கிப் படித்த இரண்டு தோழிகள், அரியர் வைத்திருந்த ஒரு பையன். எங்கள் நாலு பேரையும் சேர்த்துக் கடைசி டீம் ஆக்கினார்கள்.

முதல் டீம்களை மூத்த பேராசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்குக் கைடாக வந்தவர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர். அவரிடம் ஏற்கெனவே ஐந்து டீம். அவருக்கு வந்த சம்பளமும் மாதாமாதம் வரவில்லை. அவர் எங்களிடம் நேர்மையாகவே சொன்னார்: “எனக்கு நேரமில்லைம்மா. லேபில் மோல்டு முன்னாடி டீமுக்கே பத்தலை. வெளியில் பார்த்துக்கொள்ளுங்கள்.”

‘வெளியில்’ என்றால் எங்கே என்று மாணவர்களுக்குத் தெரியும். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ப்ராஜெக்ட் சென்டர். உள்ளே போனால் வரிசை எண் போட்ட டைட்டில் பட்டியல் கொடுப்பார்கள். ஓட்டலில் மெனு கார்டு பார்ப்பதுபோல் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான். ரிசல்ட், ரிப்போர்ட், பைண்டிங், பி.பி.டி. எல்லாம் சேர்த்து ஒரு விலை. நாங்கள் வாங்கியது, சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பல் சேர்த்துச் செய்யும் கான்கிரீட் பற்றியது. தலைக்கு 3,500 ரூபாய். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது.

வைவா நாளில் எக்ஸ்டர்னலாக வந்தவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். 7 நாள், 28 நாள் வலிமை அட்டவணையெல்லாம் அழகாக இருந்தது. அவர் அட்டவணையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “சாம்பல் சேர்த்தபோது கலவை எப்படி இருந்தது? இறுகியதா, இளகியதா?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் கலவையைத் தொடவே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி மெதுவாக, ஆனால் என் காதில் விழுகிற மாதிரி, “கோட்டா கேண்டிடேட்டா?” என்று கேட்டார்.

அன்றிரவு வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லவில்லை, கேள்வியை மட்டும் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “சாம்பல் கலந்த சிமெண்டு வழுக்கிக்கிட்டு ஓடும். கரண்டிக்கு நல்லா இருக்கும். ஆனா சட்டுனு இறுகாது. அவசரப்பட்டு முட்டைப் பிரிச்சா தளம் தொங்கிரும்.” எம்.இ. படிக்கும்போதுதான் அதற்கான காரணத்தைப் புத்தகத்தில் படித்தேன். சாம்பல் துகள் உருண்டையாக இருப்பதால் கலவை இளகி ஓடுகிறது. அதன் வேதிவினை மெதுவாக நடப்பதால் ஆரம்ப வலிமை தாமதமாக வருகிறது. அப்பா சொன்ன இரண்டும் முழுக்கச் சரி.

தோழர்களே, இதை அப்பாவைப் பற்றிப் பெருமை பேசச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அந்த எக்ஸ்டர்னல் கேட்ட கேள்விக்கான பதில் என் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டு, அம்மாவின் தோட்டை அடகு வைத்து, பதில் தெரியாத ஒரு அட்டவணையை விலைக்கு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். என் வீட்டில் இருப்பது அறிவு என்று நான்கு ஆண்டுகளில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை? இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. இந்தியப் பொறியியல் கல்வியையும் சாதியையும் ஆராய்ந்த அஜந்தா சுப்ரமணியன், 2019இல் வெளிவந்த ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ என்ற நூலில் ஒரு விஷயத்தை விரிவாகக் காட்டுகிறார். காலனி ஆட்சிக் காலத்தில் பொறியியல் என்பது பட்டறையிலிருந்தும் கைவினைஞர்களிடமிருந்தும் மெல்ல மெல்ல விலகி, வகுப்பறைக் கணிதமாகவும் அலுவலக உத்தியோகமாகவும் மாறுகிறது. கைவேலையைத் தீட்டாகப் பார்த்த சாதிகள், கை அழுக்காகாத பொறியியலுக்குள் வசதியாக வந்து உட்கார்ந்தன. இதில் கட்டியவர்கள் வெளியே நின்றார்கள், கட்டியதைக் காகிதத்தில் வரைந்தவர்கள் உள்ளே போனார்கள். பிறகு அதற்குத் ‘தகுதி’ என்று பெயர் வைத்தார்கள்.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்தது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். நான் அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அது ஒரே வீட்டுக்குள்ளும் பிரிக்கிறது. அப்பாவின் கையையும் மகளின் பாடப் புத்தகத்தையும் ஒன்றையொன்று தெரியாத அந்நியர்கள் ஆக்குகிறது.

இன்னொரு உதாரணம். மிருதங்கம், தபேலா போன்ற தோல் கருவிகளின் ஒலியை சர் சி.வி. ராமன் ஆராய்ந்தார். 1920லேயே அது பற்றிய கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. அது நல்ல அறிவியல், அதில் சந்தேகமே இல்லை. அந்தத் தோலைப் பதப்படுத்தி, வார் பிடித்து, சுருதிக்குக் கொண்டுவரும் குடும்பங்கள் பெரும்பாலும் யார்? தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் வர 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’தான் அது. எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கல் மாணவன் பறையை எடுத்துக்கொள்ள நினைத்தான். தீயில் காய்ச்சினால் தோலின் ஈரம் போய், இறுக்கம் கூடி, ஒலி மேலேறுகிறது. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்கலாம் என்றான். அருமையான கேள்வி. ஒரு செல்போனும் ஒரு வெப்பமானியும் போதும். “இதெல்லாம் ப்ராஜெக்டா? வேணும்னா வீணை எடுத்துக்கோ” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவனும் கடைசியில் மாடிப்படி ஏறித்தான் வாங்கினான்.

இங்கே ஒரு கேள்வி வரும். “ப்ராஜெக்டை எல்லோரும்தானே வாங்குகிறார்கள், ஆதிக்க சாதிப் பிள்ளைகளும் வாங்கவில்லையா?” வாங்குகிறார்கள். ஆனால் வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, பெரியப்பா மின்வாரியத்தில் பொறியாளர், அக்கா சாஃப்ட்வேர் கம்பெனியில், மாமா சொந்தமாக ஃபேக்டரி வைத்திருக்கிறார் என்ற வீட்டுப் பிள்ளைக்கு வாங்காமல் இருக்கவும் ஒரு வழி இருக்கிறது. போன் போட்டால் போதும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த போன் எண் கிடையாது. இரண்டாவது, வாங்கியது பிடிபட்டால் அவனுக்கு ‘சோம்பேறி’ என்று பெயர், நமக்கு ‘கோட்டா’ என்று பெயர். அவனுடைய தவறு அவனோடு முடிகிறது. நம்முடைய தவறை நம் மொத்தச் சமூகத்தின் கணக்கில் எழுதுகிறார்கள்.

69 சதவீத இட ஒதுக்கீடு நம்மைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகையும், 2021இல் தொழிற்கல்விக்கும் வந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இன்னும் பலரைக் கொண்டுவந்தன. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. ஆனால் உள்ளே போன பிறகு லேப் சாவி யாரிடம் இருக்கிறது, நல்ல கைடு யாருக்குப் போகிறார், யாருடைய கேள்வி ‘ஆராய்ச்சி’ என்று ஏற்கப்படுகிறது என்பதற்கெல்லாம் எந்த அரசாணையும் இல்லை. சுயநிதிக் கல்லூரிகளில் ஆசிரியர் நியமனத்துக்கே இட ஒதுக்கீடு கிடையாது. ரிவ்யூ கமிட்டியில் மூன்று பேர் உட்கார்ந்தால், அதில் ஒருவராவது நம் தெருவின் வாழ்க்கை தெரிந்தவராக இருப்பது தற்செயல்தான்.

இதன் விளைவு மாணவரோடு நிற்பதில்லை. எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பது நாட்டில் எந்த இயந்திரம் செய்யப்படுகிறது என்பதையும் தீர்மானிக்கிறது.

மனிதர் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் முதல் சட்டம் 1993இல் வந்தது. 2013இல் வந்த சட்டம் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதைக் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிலவுக்கு ராக்கெட் அனுப்பிய நாடு, மனிதனைக் குழியில் இறக்காமல் இருக்க ஒரு கருவியைப் பரவலாக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது பாருங்கள். அந்தக் கருவிகளும் பெரிய தேசியத் திட்டங்களிலிருந்து வரவில்லை. கேரளத்தில் ‘பாண்டிகூட்’ என்ற ஆள்நுழைவுத் தொட்டி ரோபோவைச் செய்தவர்கள், அப்போதுதான் கல்லூரியை விட்டு வந்த பொறியியல் பட்டதாரிகள். 2018இல் அது திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஹோமோசெப்’ என்ற கழிவுநீர்த் தொட்டிக் கருவியும் ஒரு மாணவரின் இறுதியாண்டு ப்ராஜெக்டாகத்தான் தொடங்கியது. ஒரு மாணவர் ப்ராஜெக்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆனால் இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். இன்று எந்தக் கல்லூரித் தொழில்நுட்ப விழாவுக்குப் போனாலும் ஒரு ‘மேன்ஹோல் ரோபோ’ மாதிரி இருக்கும். செய்தவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “குழியில் இறங்குகிறவர் ஒருவரிடமாவது பேசினீர்களா?” பெரும்பாலும் இல்லை. பேசியிருந்தால், அந்தத் தெருவில் வண்டியே நுழையாது, குழியின் மூடி சதுரமாக இருக்கும், அடைப்பில் இருப்பது துணியும் கட்டிடக் கழிவும் என்று அவர் சொல்லியிருப்பார். அவர் சொல்வதுதான் வடிவமைப்புக்குத் தேவையான தரவு. அதைச் சேகரிக்க உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? உங்களில் சிலருக்கு அவர் மாமா, சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

கடைசியாக, கடந்த ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இப்போது நீர்த் தரம் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். ஒரு கல்லூரியில் சிவில் இறுதியாண்டு படித்த நான்கு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களும் கடைசி டீம்தான். “அக்கா, ஆறாயிரம் ரூபாயில் ஒரு டைட்டில் இருக்கு, வாங்கலாமா?” என்று கேட்டார்கள். வாங்க வேண்டாம், உங்கள் ஊரில் தண்ணீர் எப்படி வருகிறது என்று சொல்லுங்கள் என்றேன். ஒருத்தி சொன்னாள்: “எங்க காலனிக்கு வரும்போது குழாய் நூல் மாதிரி ஒழுகும். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு.” ப்ராஜெக்ட் அங்கேயே கிடைத்துவிட்டது.

அறிவியல் இவ்வளவுதான். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். அதிலிருந்து வரும் குளோரின், தண்ணீரிலும் குழாய்ச் சுவரிலும் இருக்கும் அழுக்கோடு வினைபுரிந்து போகப் போகக் குறையும். குழாய் நீளமாக நீளமாக மிச்சம் குறைவு. ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தர நிர்ணயப்படி, வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். அதைப் பார்க்கக் குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி போதும். சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மலக் கிருமி இருக்கிறதா என்று முதற்கட்டமாகப் பார்க்க, தண்ணீரை ஊற்றி வைத்தால் ஓரிரு நாளில் கறுத்துப்போகும் பாட்டில் இருக்கிறது. நீரோட்டத்தை அளக்கக் குடம் போதும். ஒரு குடம் நிறைய எத்தனை விநாடி என்று செல்போனில் பார்த்தார்கள். ஆறு வாரம், ஒரே காலை நேரத்தில், ஊர்த் தெருவில் இரண்டு பேர், காலனியில் இரண்டு பேர் நின்று அளந்தார்கள்.

ஜீரோத் ரிவ்யூவிலேயே தடை. “இதில் நாவல்டி எங்கே? சென்சார் வையுங்கள், மெஷின் லேர்னிங் சேருங்கள்” என்றார்கள். குளோரின் சென்சார் விலை அவர்களுக்குக் கட்டாது. இதுவரை யாரும் எடுக்காத தரவு எங்களிடம் இருக்கிறது, அதுதான் புதுமை என்று சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். இரண்டு ரிவ்யூ அதே வாக்குவாதத்தில் போனது. கடைசியில் கைடு ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. ரிப்போர்ட்டில் ‘ஊர்’, ‘காலனி’ என்ற சொற்கள் வரக்கூடாது. ‘ஸோன் ஏ’, ‘ஸோன் பி’ என்று போட வேண்டும். பிள்ளைகள் அழுதார்கள். போட்டுவிடுங்கள், எண்கள் பேசும் என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னது சரியா என்று எனக்கு இன்றும் உறுதியில்லை.

எண்கள் பேசத்தான் செய்தன. ஊர்த் தெருவில் மஞ்சள் வந்த காலைகளில் காலனிக் குழாயில் பெரும்பாலும் நிறமே வரவில்லை. வைவாவில் எக்ஸ்டர்னல் வரைபடத்தைப் பார்த்துக் கேட்டார்: “ஏன் ஸோன் பி எப்போதும் கடைசியில் இருக்கிறது?” கைடு தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் தமிழில் சொன்னாள்: “டேங்க் கட்டினப்போ எங்க தெருவுக்கு லைன் போடல சார். ரொம்ப வருஷம் கழிச்சு, இருந்த லைனோட நுனியில ஒட்டு போட்டுக் கொடுத்தாங்க. அந்தப் பைப்போட விட்டம் இத்தனை வீட்டுக்குப் பத்தாது.” அவர் விடவில்லை, தீர்வு என்ன என்று கேட்டார். மூன்று சொன்னாள். தொட்டியிலிருந்து தனி லைன் போடலாம், அதற்குச் செலவு அதிகம். கடைக்கோடியில் மறுபடி குளோரின் சேர்க்கலாம், அதற்குச் செலவு குறைவு. வால்வு திறக்கும் வரிசையை மாற்றிக் காலனிக்கு முதலில் விடலாம், அதற்குச் செலவே இல்லை. எனக்குக் கிடைக்காமல் போன அந்த ஒரு நிமிடம் அவளுக்குக் கிடைத்தது. தன் கையால் செய்தவளிடம் யார் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் இருக்கும்.

மே 1 கிராம சபையில் அந்த அட்டவணையை மனுவோடு கொடுத்தார்கள். சில வாரம் வால்வு வரிசை மாறியது. பிறகு ஊரில் முணுமுணுப்பு வந்தது, பழையபடி ஆனது. செலவே இல்லாத தீர்வுதான் நடைமுறைப்படுத்தக் கடினமானதாக இருக்கிறது என்றால், தடை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குப் புரிகிறது. 1927இல் மகாத் குளத்திலிருந்து 2022இல் வேங்கைவயல் தொட்டி வரை நாம் தண்ணீரை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இப்போது மனுவோடு ஆறு வாரத் தரவும் இருக்கிறது. ‘உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது’ என்று இனி யாரும் தட்டிக்கழிக்க முடியாது. அடுத்த கிராம சபைக்கும் போகப் போகிறார்கள்.

எனவே நாம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. கைடு ஒதுக்கீடு சி.ஜி.பி.ஏ. வரிசையில் இல்லாமல் குலுக்கல் முறையில் நடக்க வேண்டும். லேப் நேரமும் கருவிகளும் எல்லா டீமுக்கும் சமமாக, எழுதி ஒட்டப்பட்ட அட்டவணைப்படி கிடைக்க வேண்டும். ரிவ்யூவில் மதிப்பெண் எதற்காகக் குறைந்தது என்று எழுத்தில் தர வேண்டும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்கு நிதி தருகிறது. அந்த அறிவிப்பு துறைத்தலைவர் மேசையோடு நின்றுவிடாமல் விடுதி அறிவிப்புப் பலகைக்கும் வர வேண்டும். ஸ்காலர்ஷிப்பில் ப்ராஜெக்ட் செலவையும் சேர்க்க வேண்டும். வைவாவில் தமிழில் விளக்க உரிமை வேண்டும். சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் நடத்த அண்ணா பல்கலைக்கழகம் 2010லேயே தொடங்கிவிட்டது. ஆகவே தமிழில் பதில் சொல்வது குற்றமல்ல.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மாணவர்களே, ஆறாவது செமஸ்டரிலேயே உங்கள் டீமைச் சேருங்கள். தாள் சுற்றி வரும்வரை காத்திருக்காதீர்கள். டைட்டில் தேடும் முன் வீட்டில் உட்கார்ந்து அப்பா, அம்மா செய்யும் வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் கேளுங்கள். அதில் அளக்கக்கூடியது என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெற்றோரே, ‘எனக்கு என்ன தெரியும்’ என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை எந்த எக்ஸ்டர்னலாவது ஒருநாள் உங்கள் பிள்ளையிடம் கேட்பார். என்னைப் போல ஆராய்ச்சி செய்கிற தோழர்கள் ஆளுக்கு ஒரு டீமை எடுத்துக்கொள்ள வேண்டும். நம்மைப் படிக்க வைத்த இயக்கத்துக்கு நாம் திருப்பித் தர வேண்டிய குறைந்தபட்சக் கடன் அது. இந்த ஆண்டுக்கு நான் இரண்டு டீம் எடுக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் முதலில் வரவும்.

அம்மாவின் தோட்டை நான் ஃபெல்லோஷிப் பணம் வந்த பிறகு மீட்டுவிட்டேன். அந்த வைவாவில் சொல்லாமல் விட்ட பதிலை மீட்க முடியவில்லை. அது உங்களில் ஒருவருக்கும் நேரக்கூடாது.